மூக்கு ஆபரேஷனுக்கு எந்த மயக்கம்?

காட்டுப்பள்ளியில் ஐம்பத்திரண்டு வயது மீனவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனைதான். ஊர் நிஜம், நோயும் நிஜம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே போனால் பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. அதில் இப்போது துறைமுகமும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் நிற்கின்றன. மிச்ச இடத்தில் மீனவர்கள். நம் ஆள் ஃபைபர் படகில் கடலுக்கும் போவார், ஏரியில் இறாலும் பிடிப்பார்.

மூன்று வருடமாக அவருக்கு மூக்கடைப்பு. முதலில் சளி என்றார்கள். பிறகு வாடைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தாயிற்று, மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டாயிற்று. இப்போது வாசனையே தெரிவதில்லை. மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மீன் பிடித்து விற்கிறவருக்கு அப்படி இல்லை. ஐஸ் பெட்டியில் கிடக்கும் மடவை நேற்றையதா முந்தாநாளையதா, செத்த நண்டைக் கூடையில் விடலாமா தூக்கி எறியலாமா, எஞ்சினில் எண்ணெய் கசிகிறதா... எல்லாமே மூக்கு சொல்லவேண்டிய சேதி.

மீஞ்சூர் வந்து மின்சார ரயில் பிடித்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஸ்கேன் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சதை வளர்ந்து சைனஸ் அறைகளை அடைத்திருக்கிறது, மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு எடுத்துவிடலாம், வெளியே தழும்பே இருக்காது என்கிறார்கள். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ரத்த அழுத்தம் பார்த்தால் 170/100. இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை. மயக்க மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். அங்கே அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று:

"நடுவுல முழிச்சிக்கினா இன்னா பண்றது டாக்டரம்மா?"

அருமையான கேள்வி. அதற்குப் பிறகு வருவோம். அதற்கு முன்னால், அந்த டாக்டரம்மாவின் மனதில் ஓடும் கேள்வியைப் பார்த்துவிடலாம். இவரை எந்த வழியில் மயக்குவது? மூச்சு வழியாக வாயு கொடுத்தா, ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றியா, அல்லது முழு மயக்கமே இல்லாமல் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டா?

வயிற்றிலோ காலிலோ ஆபரேஷன் என்றால் இந்தக் கேள்வியில் இவ்வளவு சூடு இருக்காது. கொஞ்சம் ரத்தம் வந்தால் துடைத்துக்கொள்ளலாம், இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கீறிக்கொள்ளலாம். மூக்கில் அது முடியாது. சர்ஜன் பார்ப்பது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு குழாயின் நுனியில் இருக்கும் லென்ஸ் வழியாக. அதில் ஒரு சொட்டு ரத்தம் பட்டால் திரை முழுக்கச் சிவப்பு! வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, எங்கே இருந்தோம் என்று தேட வேண்டும். தேடுகிற இடமோ சாதாரண இடமில்லை. பக்கத்தில் கண். அதற்கும் சைனஸுக்கும் நடுவில் இருக்கும் எலும்புக்கு லத்தீனில் 'காகிதம் போன்ற தகடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவு மெல்லிசு. மேலே மூளையின் தளம். பின்னால் ஸ்பீனாய்டு சைனஸின் சுவரில் கண் நரம்பும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும் புடைத்துக்கொண்டு நிற்கும். சேற்றுத் தண்ணீரில் கையைவிட்டு இறால் தடவுகிற வேலையை இங்கே செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆக இந்த ஆபரேஷனில் மயக்க மருத்துவருக்கு, ஆளைத் தூங்கவைப்பதோடு லென்ஸைச் சுத்தமாக வைத்திருக்கும் பாதி வேலையும் உண்டு.

ஆரம்ப காலத்தில் இந்தத் தலைவலியே பெரிதாக இல்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் மெஸ்ஸர்கிளிங்கரும் அவருக்குப் பின் ஸ்டாம்பெர்கரும் எண்டோஸ்கோப் சைனஸ் அறுவையை வளர்த்தபோது பெரும்பாலும் ஆளை விழிப்பாக வைத்து, மூக்கை மட்டும் மரக்கவைத்தே செய்தார்கள். (அமெரிக்காவில் டேவிட் கென்னடி 1985ல் இதை எழுதிப் பரப்பிய பிறகுதான் உலகம் முழுக்கப் போயிற்று.) விழிப்பாக இருப்பவரிடம் ஒரு வசதி உண்டு. கருவி கண் பக்கமோ மூளைத் தளத்தின் பக்கமோ போனால் 'வலிக்குது' என்று அவரே சொல்லிவிடுவார். ரத்தமும் குறைவு. மூக்கை மரக்கவைக்க முதன்முதலில் கிடைத்த பொருள் கொக்கெய்ன். 1884ல் வியன்னாவில் கார்ல் கோலர் அதைக் கண்ணில் விட்டு மரத்துப்போவதைக் காட்டினார், கொஞ்ச நாளிலேயே அது மூக்குக்கும் தொண்டைக்கும் வந்துவிட்டது. கொக்கெய்னுக்கு இரட்டை வேலை: மரக்கவும் வைக்கும், ரத்தக்குழாயையும் சுருக்கும். இன்று அந்த இரண்டு வேலையையும் லிக்னோகெயினும் அட்ரீனலினும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் வாங்குகிறோமே சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து, அதுவும் இதே குழாய் சுருக்கும் ஜாதிதான்.

இப்போதும் சின்னச் சின்ன சதைகளுக்கு இந்த வழி நல்ல வழி. நம் காட்டுப்பள்ளிக்காரருக்கு ஒத்துவராது. இரண்டு பக்கமும் எல்லா அறையிலும் சதை, இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். தொண்டையில் ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும்போது மனுஷன் அசையாமல், இருமாமல் எவ்வளவு நேரம் படுத்திருப்பார்? பயத்தில் அழுத்தம் 170லிருந்து 200க்குப் போகும், ரத்தம் இன்னும் கொட்டும். எனவே முழு மயக்கம்தான்.

இந்த இடத்தில் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும். மூன்று வகைக் கசிவு உண்டு. தமனியிலிருந்து வந்தால் பீய்ச்சி அடிக்கும். அது ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் பொறுத்தது. சிரையிலிருந்து வந்தால் ஊறி நிற்கும். தலை தாழ்ந்திருந்தால், கழுத்து திருகியிருந்தால், ஆள் இருமினால், வென்டிலேட்டர் அதிக அழுத்தத்தில் காற்றைத் தள்ளினால் அதிகமாகும். மூன்றாவது, சளிச்சவ்வின் நுண்குழாய்களிலிருந்து ஈரச்சுவர் மாதிரி எல்லா இடத்திலும் கசிவது. சைனஸ் சர்ஜனைப் பைத்தியம் பிடிக்கவைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். எங்கே என்று பிடித்துக் கட்டவோ சுடவோ முடியாது.

வாயு மயக்கத்தின் சிக்கல் இங்கேதான் வருகிறது. பழைய ஹாலோதேன், பிறகு வந்த ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் எல்லாமே ரத்தக்குழாய்களைத் தளர்த்துபவை. அதிகமாகக் கொடுத்தால் அழுத்தம் இறங்கும், மானிட்டரில் எண் அழகாகத் தெரியும். ஆனால் எண் இறங்கியதே குழாய் விரிந்ததால்தான்! மூக்கின் சவ்வுக் குழாய்களும் சேர்ந்து விரிந்திருக்கும். அழுத்தம் இறங்கியதைச் சமாளிக்க இதயம் வேகமாகவும் அடிக்கலாம். 'அழுத்தம் 60தானே இருக்கு, ஏன் இவ்வளவு ரத்தம்?' என்று இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் நிலை இப்படித்தான் வரும்.

ஊசி வழி மயக்கத்தில் புரோபோஃபாலைத் தொடர்ந்து ஏற்றுவார்கள், கூடவே ரெமிஃபெண்டானில் மாதிரி ஒரு வலிமருந்து. (பால் மாதிரி வெள்ளையாக இருக்குமே, அந்த மருந்துதான் புரோபோஃபால். கண்டுபிடித்த ஜான் பி. கிளென் அடிப்படையில் கால்நடை மருத்துவர்! 2018ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.) இந்த ஜோடியில் இதயம் மெதுவாக, நிதானமாக அடிக்கும். நிமிடத்துக்கு அறுபது அடி என்றால் மூக்குக்குள் வரும் ரத்தமும் அந்த அளவில் குறையும்.

இதயத் துடிப்புக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பதைத் தெளிவாகக் காட்டியது 1995ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த போசார்ட் குழுவின் ஆய்வு. சிறிய ஆய்வுதான், 20 பேர். ஒரு பக்கம் குழாயை விரித்து அழுத்தத்தை இறக்கும் நைட்ரோபுருசைடு. இன்னொரு பக்கம் இதயத்தை மெதுவாக்கும் எஸ்மோலால். எஸ்மோலால் போட்டவர்களுக்கு அழுத்தத்தை அவ்வளவாக இறக்காமலேயே மூக்கு நன்றாகத் தெரிந்தது. நைட்ரோபுருசைடில் அழுத்தத்தை இன்னும் கீழே கொண்டுபோயும் அந்தத் தெளிவு வரவில்லை. அந்த ஆய்வில் பயன்படுத்திய 0 முதல் 5 வரையிலான அளவுகோல்தான் இன்றும் இத்துறையில் ஓடுகிறது. 0 என்றால் ரத்தமே இல்லை, 5 என்றால் வேலையே செய்ய முடியாது. 2005ல் ஆஸ்திரேலியாவில் வொர்மால்ட் குழு செவோஃப்ளுரேனையும் புரோபோஃபால்-ரெமிஃபெண்டானில் ஜோடியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஊசி வழிக்கே வெற்றி.

அப்போ முடிந்ததா? ஊசி வழி ஜெயித்தது என்று எழுதி வைத்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. இது போன்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு, புரோபோஃபாலால் கிடைக்கும் முன்னேற்றம் அந்த 0-5 அளவுகோலில் ஒரு புள்ளிக்கும் குறைவு, மொத்த ரத்த இழப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. ஒரு புள்ளி கூட இல்லையா என்று உதட்டைப் பிதுக்கவும் வேண்டாம். 3க்கும் 2க்கும் நடுவில் இருப்பதுதான் 'நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம்' என்பதற்கும் 'முடித்துவிடலாம்' என்பதற்கும் உள்ள தூரம். ஆனால் இதற்காகவே வாயு கொடுக்கிற மருத்துவரை ஏளனமாகப் பார்ப்பது நியாயமில்லை. செவோஃப்ளுரேனோடு ரெமிஃபெண்டானிலைச் சேர்த்து, துடிப்பை அடக்கி வைத்தால் வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடுகிறது. போட்டி வாயுவுக்கும் ஊசிக்கும் நடுவில் என்பதைவிட, வேகமாக அடிக்கும் இதயத்துக்கும் மெதுவாக அடிக்கும் இதயத்துக்கும் நடுவில் என்றே சொல்லலாம்.

செலவு? ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கும் என்று தானே கணக்குப் போட்டு ஏற்றும் பம்புகள் உண்டு. அது இல்லாத இடத்தில் சாதாரண சிரிஞ்ச் பம்ப் போதும். 1988ல் ராபர்ட்ஸ் என்பவர் குழு சொன்ன ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. முதலில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், பிறகு மணிக்குக் கிலோவுக்கு 10 மி.கி. வேகத்தில் பத்து நிமிடம், 8ல் பத்து நிமிடம், அப்புறம் 6. நம் ஆள் எழுபது கிலோ என்றால் கடைசி வேகத்தில் மணிக்கு 420 மி.கி., அதாவது 20 மில்லி குப்பி இரண்டுக்குச் சற்று மேல். இது தொடக்கப்புள்ளி மட்டும்தான், ஆளைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள்.

இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். நடுவில் முழித்துக்கொண்டால்? வாயு மயக்கத்தில் நோயாளி வெளிவிடும் மூச்சிலேயே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று மெஷின் ஒவ்வொரு மூச்சுக்கும் எண் காட்டிவிடும். குறைந்தால் மணி அடிக்கும். ஊசி வழியில் அந்த வசதி இல்லை. பம்ப் 'ஏற்றிவிட்டேன்' என்று சொல்லும். உடம்புக்குள் போனதா, படுக்கையை நனைத்ததா என்று அதற்குத் தெரியாது. மூக்கு ஆபரேஷனில் கைகள் இரண்டும் துணிக்கு அடியில் ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும். அங்கே ஊசி நழுவினால் யாருக்கும் தெரியாது. தசையைத் தளர்த்தும் மருந்தும் போட்டிருந்தால் விழித்த ஆளால் விரலைக்கூட அசைக்க முடியாது. 2014ல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து, மயக்கத்தில் விழித்துக்கொண்டவர்களைப் பற்றி ஒரு பெரிய தணிக்கை வெளியிட்டன. அப்படிப்பட்ட புகார் மொத்தத்தில் ஏறக்குறைய 19,000 மயக்கத்துக்கு ஒன்று என்று வந்தது. ஊசி வழியில் நடந்தவற்றில் பல, மருந்து போய்ச் சேராததால் வந்தவை. ஆகவே ஊசி வழி என்றால் ஊசி ஏறிய இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூளை அலையைப் படித்து எண்ணாகக் காட்டும் பட்டை நெற்றியில் இருந்தால் நல்லது. 40க்கும் 60க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. டாக்டரம்மா இதை அவருக்கு இப்படிச் சொல்லலாம்: "முழிச்சிக்க மாட்டீங்க ஐயா. முழிக்கிற மாதிரி இருந்தா உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். நான் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன்."

சரி, இனி அந்த 170/100. இந்த ஆபரேஷனில் உண்மையான ஆபத்து மூக்கை விட இங்கேதான் அதிகம் இருக்கிறது.

வேண்டுமென்றே அழுத்தத்தை இறக்கி ரத்தத்தைக் குறைக்கும் யோசனை பழையது. 1946ல் கார்ட்னர் என்ற அமெரிக்க நரம்பியல் சர்ஜன் தமனியிலிருந்து ரத்தத்தையே வெளியே எடுத்துவிட்டு, ஆபரேஷன் முடிந்ததும் திரும்ப ஏற்றினார்! 1950ல் இங்கிலாந்தில் எண்டர்பி மருந்தும் தலை உயர்த்திய படுக்கையும் சேர்த்து அதையே செய்தார். தலை உயர்த்துவது இன்றும் மாறவில்லை. மேஜையின் தலைமாட்டை 15 டிகிரி தூக்கினாலே சிரை ரத்தம் வடிந்து மூக்கு தெளிகிறது. காசே இல்லை. விலை உயர்ந்த பம்ப் வாங்குவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது ஒரு வேடிக்கை.

ஆய்வுகளில் சராசரி அழுத்தத்தை 60-70க்குக் கொண்டுவருவார்கள். சராசரி என்பது மேல் எண்ணோடு கீழ் எண்ணை இரண்டு முறை கூட்டி மூன்றால் வகுப்பது. 120/80 உள்ளவருக்கு 93. அவரை 65க்கு இறக்கினால் முப்பது சதவீதம் குறைகிறது, பெரும்பாலும் தாங்குவார். நம் ஆளின் சராசரி 123. அவரை 65க்கு இறக்கினால் ஏறக்குறைய பாதி! வருடக்கணக்காக அதிக அழுத்தத்துக்குப் பழகிய மூளை, தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரிசெய்துகொள்ளும் எல்லையையே மேலே தள்ளி வைத்திருக்கும். இதயமும் சிறுநீரகமும் அதே கதைதான். இதற்கு மேல் தலையை உயர்த்தி வைத்திருக்கிறோம். அழுத்தம் அளக்கும் பட்டை கையில் இருக்கிறது, மூளை அதைவிட உயரத்தில். தலை பத்து சென்டிமீட்டர் உயர்ந்தால் மூளைக்குப் போகும் அழுத்தம் 7 அல்லது 8 குறையும். மானிட்டர் 65 என்றால் மூளைக்கு 57தான். ஆய்வுகளில் சேர்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் வேறு நோய் அதிகம் இல்லாதவர்கள். அவர்களுக்கு வந்த எண்ணை இவர் தலையில் வைக்க முடியாது.

எனவே நல்ல மயக்க மருத்துவர் முதல் நாளே ஒன்று செய்வார்: ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார். சில வாரம் அழுத்த மாத்திரை. ஆபரேஷனுக்கு முந்தைய சில நாட்கள் சதை சுருங்க, டாக்டர் சொல்லும் அளவில் பிரெட்னிசலோன். சதை சுருங்கினால் ரத்தமும் குறையும். இளைப்பு உண்டா, ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை போட்டால் மூச்சு திணறுமா என்று கேட்பார். மூக்குச் சதை, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்து வரும் ஆட்கள் உண்டு, அவர்களுக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் வினை. இதற்காக இரண்டு முறை மீஞ்சூருக்கும் சென்னைக்கும் அலைய வேண்டும், அலைகிற ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகாத நாள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்துப் படகு கரையில் கிடக்கும்போது தேதி கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

அட்ரீனலின் பற்றியும் ஒரு வார்த்தை. மூக்கில் வைக்கும் பஞ்சில் நனைக்கும் மருந்து 1:1000, ஊசியில் போடுவது அதைவிட நூறு மடங்கு நீர்த்தது. இரண்டும் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஒரே மேஜையில் வைத்து மாற்றி எடுத்தால் உயிர் போகலாம். அதனால்தான் சில இடங்களில் பஞ்சுக்கான கிண்ணத்தில் மஞ்சள் சாயம் கலந்துவிடுகிறார்கள். தவறி அதிகம் உறிஞ்சப்பட்டு அழுத்தம் எகிறினால், பதறிப்போய் பீட்டா பிளாக்கர் போடக் கூடாது. இறுகிக் கிடக்கும் குழாய்களுக்கு எதிராக அடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் பலத்தையும் பிடுங்கியதாகிவிடும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மயக்கத்தை ஆழமாக்கிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் தானே இறங்கும்.

வாயுவும் அட்ரீனலினும் பகையாளிகள் என்ற கதைக்கு நம் நாட்டிலேயே ஒரு முன்கதை உண்டு. 1888லும் 1889லும் ஐதராபாத்தில் எட்வர்ட் லாரி முன்னின்று நடத்திய குளோரோஃபார்ம் கமிஷன்கள், குளோரோஃபார்ம் இதயத்தை நேராகப் பாதிப்பதில்லை, மூச்சைக் கவனித்தால் போதும் என்று அடித்துச் சொல்லின. 1911ல் இங்கிலாந்தில் குட்மன் லெவி, லேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் அட்ரீனலின் போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும் என்று பூனைகளில் காட்டினார். பிற்பாடு வந்த ஹாலோதேனுக்கும் அந்தக் குணத்தில் கொஞ்சம் இருந்தது. செவோஃப்ளுரேனில் அந்தப் பயம் மிகக் குறைவு. அந்த வகையில் வாயுப் பக்கமும் நிறைய முன்னேறித்தான் இருக்கிறது.

இதுவரை சைனஸ். அதே மூக்கு வழியாக இன்னும் உள்ளே போய்ப் பிட்யூட்டரி கட்டியையோ மூளைத் தளத்துக் கட்டியையோ எடுக்கும் ஆபரேஷன் என்றால் கணக்கு மாறுகிறது. நேரம் பல மணி. கட்டி கண் நரம்பை ஏற்கெனவே நசுக்கிக்கொண்டிருக்கும். அங்கே அழுத்தத்தை இறக்கினால் மிச்சப் பார்வையும் போகலாம். நரம்புகள் வேலை செய்கின்றனவா என்று மின் சமிக்ஞை வைத்துப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். வாயு அந்தச் சமிக்ஞைகளை மங்கவைக்கும், புரோபோஃபால் அவ்வளவாக மங்கவைக்காது. எனவே இங்கே ஊசி வழிக்குச் சாய்வதற்கு ரத்தத்தைவிட வேறு நல்ல காரணம் கிடைக்கிறது. கரோட்டிட்டில் தவறிப் பட்டுவிட்டால் எல்லாமே தலைகீழ். அதுவரை அழுத்தத்தைத் தாழ்த்திப் பிடித்த மருத்துவர், ரத்தம் கொட்டும்போதே அழுத்தத்தை விழாமல் தாங்க வேண்டும், மூளைக்கு ரத்தம் போயாக வேண்டுமே. சர்ஜன் நசுக்கிய தசைத் துண்டை வைத்து அழுத்திப் பிடிப்பார். அடிலெய்டில் வொர்மால்ட் குழு இதை ஆடுகளை வைத்துப் பழக்கியது.

கடைசியில் மூளைத் தளத்தின் ஓட்டையை மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை மடித்து மூடுவார்கள். அர்ஜென்டினாவின் ஹடாடும் பாசாகாஸ்டெகியும் உருவாக்கி 2006ல் வெளிவந்த முறை இது. மூளைத் தண்ணீர் ஒழுகுவதை வெகுவாகக் குறைத்தது. அதன் பிறகு எழுப்புவதில்தான் சாமர்த்தியம் எல்லாம். இருமினால் மூடி பெயரும். குழாயை எடுத்தபின் முகமூடி வைத்துக் காற்றை அமுக்கினால் அது மண்டைக்குள் போய்த் தங்கும். ஆனாலும் சீக்கிரம் எழுப்பி 'இது எத்தனை விரல்?' என்று கேட்க வேண்டும், பார்வை இருக்கிறதா என்று தெரிய. ரெமிஃபெண்டானில் சில நிமிடங்களில் கரைந்துவிடுவதால் அது இங்கே பெரிய உதவி. அதே காரணத்தால் வலியும் சட்டென்று வந்து நிற்கும், முன்கூட்டியே வேறு வலிமருந்து போட்டுவைக்காவிட்டால்.

2021ஐயும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். கொரோனாவுக்குப் பின் கருப்புப் பூஞ்சை வந்தபோது, மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000க்கு மேல் நோயாளிகள். அவர்களுக்கும் இதே எண்டோஸ்கோப், இதே சைனஸ்கள். ஆனால் ஆட்கள் வேறு: சர்க்கரை எகிறி, நுரையீரல் பாதி போய், ஆம்ஃபோடெரிசின் மருந்தால் சிறுநீரகம் தளர்ந்தவர்கள். அவர்களிடம் அழுத்தத்தை 60க்கு இறக்கி அழகான மூக்கு காட்டுவதைப் பற்றி யார் பேசுவார்கள்? வாயுவோ ஊசியோ, ஆள் மேஜையிலிருந்து உயிரோடு இறங்கினால் போதும் என்ற நிலை. 0-5 அளவுகோலில் அதற்கு இடமில்லை.

நம் காட்டுப்பள்ளிக்காரருக்கு டாக்டரம்மா என்ன முடிவெடுப்பார்? சில வார மாத்திரையில் அழுத்தம் 140/90க்கு வந்திருக்கிறது, சராசரி 107. இருபது, இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் இறக்க வேண்டாம், 80க்குக் கீழே போகக் கூடாது என்று எழுதி வைப்பார். ஊசி வழி மயக்கம், துடிப்பு அறுபதுக்குப் பக்கத்தில், தலைமாடு உயர்த்தி. பஞ்சு வைத்தபின் பத்து நிமிடமாவது காத்திருக்கச் சொல்லி சர்ஜனிடம் மல்லுக்கு நிற்பார். ரத்தம் உறைந்தது கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் ஒரு ஊசி. (ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண்மணியும் அவர் கணவரும் கண்டுபிடித்தது, விலை மலிவு.) புரோபோஃபாலால் வாந்தி குறையும் என்பது கூடுதல் லாபம், விழுங்கிய ரத்தம் எப்படியும் வயிற்றைப் புரட்டும். எழுப்புவதற்கு முன் உள்நாக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ஒளிந்திருக்கும் ரத்தக் கட்டியை உறிஞ்சி எடுப்பார். அது மூச்சுக்குழாயில் விழுந்தால் அவ்வளவு உழைப்பும் வீண். தொண்டையில் துணி வைத்திருந்தால் எண்ணி எடுத்துச் சுவரிலுள்ள பலகையில் அழிப்பார்.

மறுநாள் வார்டில் அவர் எழுந்து உட்காரும்போது அவர் மனைவி கேட்பார், "மாமா, வாசனை தெரியுதா?" அன்றைக்குத் தெரியாது, மூக்கு முழுக்கப் பஞ்சும் ரத்தப் பொருக்கும். வாரக்கணக்கில் உப்புநீர் விட்டுக் கழுவி, மருந்து அடித்து, அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வரலாம். சிலருக்கு முழுதாக வருவதில்லை, இரண்டு மூன்று வருடத்தில் சதை திரும்ப வளர்பவர்களும் உண்டு. மூக்கைச் சிந்தக் கூடாது, பாரம் இழுக்கக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை கடலிலும் ஏரியிலும் முங்கக் கூடாது. அழுத்த மாத்திரையை மட்டும் மூக்கு சரியான பிறகும் நிறுத்தக் கூடாது. அது மூக்குக்காகக் கொடுத்ததில்லை என்பதை இரண்டு பேரிடமும் இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.